சண்டைக்கு ஒரு லைப்ரரி

நான் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவள். பயிற்சிக் காரில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, "பிரேக்! பிரேக்! அட கடவுளே, பிரேக்குன்னு சொன்னேன்ல!" என்று காலையிலிருந்து கத்துவதுதான் என் பிழைப்பு. அதே தொண்டையோடுதான் வீட்டுக்கும் வருவேன். எனக்கு வாய்த்தவரோ பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். அவர் மைக் முன்னால் வாயைத் திறந்தால் ஓடுகிற பயணி நிற்பார், நிற்கிற பயணி ஓடுவார். அப்படி ஒரு கணீர்க் குரல். இந்த இரண்டு தொண்டைகளும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தால் எப்படி இருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் சண்டை போடாத நாளில், உடம்பு சரியில்லையா என்று அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள்.

போன வருடம் அவருக்குத் தொண்டையில் அறுவைச் சிகிச்சை நடந்தது. உயிர் தப்பியது, குரல் போய்விட்டது. "ரெண்டுல ஒண்ணைத்தான் காப்பாத்த முடியும்" என்று டாக்டர் சொன்னபோது, என் வீட்டுக்காரர் முகத்தைக்கூடப் பார்க்காமல் நான்தான் முந்திக்கொண்டு, "ஆளைக் கொடுங்க, அது போதும்" என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் அது போதவில்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

குழந்தைகள் எழுதி அழிக்கிற சிலேட்டு ஒன்றை அவர் கையில் கொடுத்தோம். ஆரம்பத்தில் அதில் எழுதியே என்னோடு மல்லுக்கு நின்றார். ஆனால் சிலேட்டில் என்ன சண்டை போட முடியும்? அவர் முதல் வார்த்தையை எழுதி முடிப்பதற்குள் நான் நாலு விஷயம் தாண்டிப் போயிருப்பேன். கோபம் அதிகமானால் முகத்தைத் திருப்பிக்கொண்டு சமையலறைக்குப் போய்விடுவேன். அவர் சிலேட்டைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வருவார், அப்புறம் பாதியில் நின்றுவிடுவார். எல்லாச் சண்டையிலும் நான்தான் ஜெயித்தேன். இப்படி ஒரு ஜெயிப்பு என் எதிரிக்குக்கூட வரவேண்டாம்.

கொஞ்ச நாளில் சிலேட்டையும் தொடுவதை விட்டுவிட்டார். எதைச் சொன்னாலும் தலையை ஆட்டினார். சட்டை நன்றாக இல்லை என்றேன், ஆட்டினார். அதே சட்டை நன்றாக இருக்கிறது என்றேன், அதற்கும் ஆட்டினார். இந்த மனுஷன் இப்படியே தலையாட்டித் தலையாட்டிக் கரைந்துபோய்விடுவாரோ என்று பயந்தேன். என் நாத்தனாருக்குப் போன் போட்டு அழுதேன். நான் அழுது அவள் கேட்டதே இல்லை, பாவம், பதறிப்போனாள்.

நாத்தனார் என்றால் என் வீட்டுக்காரரின் தங்கை. வேறொரு ஊரில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை. எனக்கு நேர் எதிரான பிறவி. தலையில் இடி விழுந்தால்கூட, "இது எங்கிருந்து வந்துச்சுன்னு பாப்போம்" என்று உட்கார்ந்து ஆராய்வாள்.

அவள்தான் அந்த வழியைச் சொன்னாள். "அண்ணன் பேசின பழைய அறிவிப்பெல்லாம் நிலையத்துல ரெக்கார்டா இருக்கும் இல்ல? அதை வச்சு அண்ணன் குரலையே உருவாக்கலாம் அண்ணி. அவர் டைப் பண்ணுவார், பெட்டி அவர் குரல்ல பேசும்."

நிலைய மேலாளரிடம் நானே போய் நின்றேன். கேட்டு வாயை மூடுவதற்குள், "எல்லாத்தையும் எடுத்துக்கோங்கம்மா" என்று கொடுத்துவிட்டார். அந்தப் பதிவுகளை வைத்து நாத்தனார் தன் ஊரிலேயே அவர் குரலுக்கான கோப்பைத் தயார் செய்தாள். சோப்பு டப்பா அளவில் ஒரு குட்டிக் கம்ப்யூட்டரை வாங்கி, "நான் வர்றவரைக்கும் யாரும் இதைத் தொடக்கூடாது" என்று சொல்லி முன்கூட்டியே அனுப்பியும் வைத்தாள். அதை அலமாரியில் வைத்துவிட்டு அவள் வருகைக்காகக் காத்திருந்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து இறங்கினாள். சாயங்காலப் பேருந்தில் திரும்ப வேண்டும். மறுநாளிலிருந்து அலுவலகத்தில் மூச்சுவிட முடியாத வேலை, இனி எப்போது லீவு கிடைக்கும் என்று அவளுக்கே தெரியாது. ஆகவே அன்றைக்கு விட்டால் விட்டதுதான்.

சாப்பாட்டு மேசையைத் துடைத்து, ஆடுகிற காலுக்கு அட்டையை மடித்துக் கொடுத்து, டப்பாவை நடுவில் வைத்தோம். டிவியைக் கழற்றிக்கொண்டு வந்து திரையாக நிறுத்தினோம். ஒரு கீபோர்டு, கைப்பிடி அளவில் ஒரு ஸ்பீக்கர். என் வீட்டுக்காரர் ஜன்னலோர நாற்காலியில், தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாதவர் மாதிரி செய்தித்தாளை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கம் மட்டும் திரும்பவே இல்லை.

"இப்ப என்ன செய்யப்போறே? படிக்காதவளுக்குச் சொல்ற மாதிரி சொல்லு" என்றேன்.

"இந்தப் பெட்டியில இருக்கிற புரோகிராமுக்குத் தானா பேசத் தெரியாது அண்ணி. லைப்ரரின்னு ஒரு தனி மென்பொருள் இருக்கு. 'இந்த எழுத்தைச் சத்தமா மாத்திக் கொடு'ன்னு அதைத்தான் இது கேட்கும். அந்த லைப்ரரியை இதுல ஏத்தணும்."

"ஏத்த வேண்டியதுதானே! ரெடியா கிடைக்காதா?"

"கிடைக்கிறது பழசு. அண்ணன் குரல் கோப்பை அதுக்குப் படிக்கத் தெரியாது. புதுசை இந்த மாதிரிச் சின்னப் பெட்டிக்குன்னு யாரும் ரெடிமேடா செஞ்சு வைக்கல. சோர்ஸ் கோடு மட்டும் வெளியிட்டிருக்காங்க, அதாவது மனுஷங்க கையால எழுதின வடிவம். அதை எடுத்து இந்த மெஷினுக்குப் புரியற மாதிரி நாமளே மாத்திக் கட்டணும்."

"துணி எடுத்துத் தைக்கிற கதை."

"அதேதான்."

"அப்ப அளவெடுத்துச் சீக்கிரம் வெட்டு. பேசிக்கிட்டே இருக்கியே!"

சோர்ஸ் கோடு இறங்கியது. அதைக் கட்ட ஆரம்பிக்கும் முன், தேவையானவை எல்லாம் இருக்கிறதா என்று பெட்டி தானே சரிபார்க்குமாம். பார்த்தது. இல்லை என்றது. இன்னொரு லைப்ரரி இருந்தால்தான் இதைக் கட்ட முடியுமாம். அதை எடுத்து வந்தால், அதற்கு வேறொன்று வேண்டுமாம்.

"என்னடி இது, மாப்பிள்ளையோட சித்தப்பாவைக் கூப்பிட்டா அவர் மச்சானுக்கும் பத்திரிகை வைக்கணும்ங்கிறியே!"

"மச்சானோட சகலையையும் கூப்பிட்டாச்சு அண்ணி. இனிமே யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க" என்று சிரித்துக்கொண்டே ஒரு பொத்தானைத் தட்டினாள்.

திரையில் வரி வரியாக எழுத்துகள் ஏற ஆரம்பித்தன. நான் கண் கொட்டாமல் பார்த்தேன். ஓரத்தில் சதவீதம் ஏறிக்கொண்டிருந்தது. பாதி தாண்டியதும் எனக்குப் பரபரப்பு தாங்கவில்லை. பயிற்சிக் காரில் உட்கார்ந்திருக்கிற மாதிரி, "போ, போ, அப்படியே போ, நிறுத்தாதே" என்று திரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். பொசுக்கென்று நின்றது.

"நான் ஒண்ணும் செய்யல!" என்றேன்.

"நீங்க செய்யல. மெமரி பத்தல. ஒரே நேரத்துல பல வேலையைச் செய்யச் சொல்லிட்டேன், திணறிப்போச்சு. ஒண்ணு முடிச்சு ஒண்ணு செய்யச் சொல்றேன். மெதுவாத்தான் போகும்."

மெதுவாக என்றால் அப்படி ஒரு மெதுவு! டப்பா தோசைக்கல் மாதிரி சூடேறியது. பயிற்சிக்கு வருபவர்களுக்குக் காட்டுகிற சாலை விதி அட்டையை எடுத்து வந்து விசிறினேன். கை வலித்து மாற்றுக் கைக்குப் போனபோது, யாரோ அட்டையை என்னிடமிருந்து வாங்கினார்கள். திரும்பிப் பார்த்தால் என் வீட்டுக்காரர். செய்தித்தாள் தரையில் கிடந்தது. பெட்டிக்கு விசிறிவிட்டுக்கொண்டு நின்றார். நான் பார்ப்பது தெரிந்ததும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். அவருக்கு ஆசை இருக்கிறது என்று தெரிந்ததே எனக்குப் பெரிய தெம்பாக இருந்தது.

மதியத்துக்குள் கட்டி முடிந்தது. நாத்தனார் அதைப் பெட்டிக்குள் முறைப்படி பதித்தாள். அண்ணனின் குரல் கோப்பையும் உரிய இடத்தில் வைத்தாள். 'வணக்கம்' என்று தட்டிவிட்டு எங்கள் இருவரையும் ஒருமுறை பார்த்தாள்.

"வணக்கம்" என்றது பெட்டி.

ஒரு பெண்ணின் குரல். தேன் தடவின மாதிரி, குழைந்து குழைந்து.

"யாருடி இவ?" என்று எழுந்துவிட்டேன். "என் வீட்டுக்காரர் பேசணும்னு நான் காலையிலேர்ந்து விசிறிக்கிட்டிருக்கேன், நடுவுல இவ யாரு?"

நாத்தனார் புருவத்தைச் சுருக்கினாள். கட்டியதை எல்லாம் துடைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள். மறுபடியும் அந்த வரிகள், அந்தச் சூடு, அந்த விசிறல். ரொட்டியும் ஆம்லெட்டும் செய்து கொடுத்தேன், ஒருவரும் ருசி பார்த்துச் சாப்பிடவில்லை. வெயில் ஜன்னலிலிருந்து சுவருக்கு நகர்ந்தது. திரும்பவும் கட்டி, திரும்பவும் பதித்து, திரும்பவும் 'வணக்கம்' தட்டினாள்.

"வணக்கம்" என்றாள் அதே மகராசி.

நாத்தனார் கடிகாரத்தைப் பார்த்தாள். அவள் பெட்டி படுக்கையைக் கட்ட வேண்டிய நேரம் வந்துவிட்டது. அலட்டிக்கொள்ளாத அந்த முகம் முதன்முறையாக வாடிப்போயிருந்தது. "எங்க தப்பு பண்றேன்னே தெரியல அண்ணி" என்றாள்.

அப்போது என் வீட்டுக்காரர் சிலேட்டை எடுத்தார். 'போதும். விடும்மா. பஸ்ஸைப் பிடி' என்று எழுதித் தங்கையிடம் காட்டினார். அவள் தலையில் கை வைத்தார். பிறகு விசிறி அட்டையைப் பத்திரமாக அதன் இடத்தில் வைத்துவிட்டு, போய் நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாளை எடுத்துக்கொண்டார்.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்தக் கோபம்.

"என்ன போதும்? யாருக்குப் போதும்? உங்களுக்குப் போதும்னா எனக்கும் போதுமா? இன்னும் எத்தனை வருஷத்துக்கு நான் மட்டும் தனியாக் கத்திக்கிட்டிருக்கிறது? நான் சொல்றது தப்புன்னா தப்புன்னு சொல்ல இந்த வீட்டுல ஒரு ஆள் வேணாமா?"

அவர் என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு, ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

அந்த ஆட்டலைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நாத்தனாரின் பக்கம் திரும்பி, "நீ எழுந்திரிச்சே, நடக்கிறதே வேற" என்றேன். "பயிற்சிக் கார் ஒருபக்கமா இழுத்துச்சுன்னா, ஓட்டுறவன் தப்புன்னு மட்டும் நான் நினைக்கிறதில்ல. இறங்கிக் குனிஞ்சு சக்கரத்தைப் பாப்பேன். நீ கட்டினது சரியாத்தான் இருக்கும்டி. அந்தப் புரோகிராம் என்னத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்குதுன்னு பாரேன்!"

சும்மா ஆத்திரத்தில் சொன்னதுதான். அதில் எவ்வளவு உண்டு, எவ்வளவு இல்லை என்று எனக்கே தெரியாது. ஆனால் பாதி எழுந்தவள் அப்படியே நின்றாள். மறுபடி உட்கார்ந்தாள்.

"கட்டினதையே சந்தேகப்பட்டுக்கிட்டிருந்தேன்" என்று முணுமுணுத்தபடி, புரோகிராம் எந்த லைப்ரரியைக் கூப்பிடுகிறது, அதை எந்த இடத்திலிருந்து எடுக்கிறது என்று பெட்டியிடமே கேட்டாள். திரையில் சில வரிகள் வந்தன. ஒன்றின் மேல் விரலை வைத்தாள். கண்கள் விரிந்தன.

"அண்ணி, இது நான் பதிச்சதைத் தொடவே இல்ல!"

"அப்புறம்?"

"உள்ளே வேற ஒரு இடத்துல பழைய லைப்ரரி ஒண்ணு உட்கார்ந்திருக்கு. 'முதல்ல இங்க தேடு'ன்னு யாரோ குறிப்பும் கொடுத்து வச்சிருக்காங்க. இது அங்க போய்ப் பழசை எடுத்துக்குது. பழசுக்கு அண்ணன் குரலைப் படிக்கத் தெரியாதா, அதனால தன்கிட்ட இருக்கிற பொம்பளைக் குரல்ல பேசிடுது. நான் எத்தனை தடவை புதுசாக் கட்டினாலும் இவதான் வந்திருப்பா!" சட்டென்று நிறுத்தினாள். "ஆனா இது புதுப் பெட்டி. பழசு எப்படி இதுக்குள்ள வந்துச்சு? யாரும் தொடக்கூடாதுன்னு சொன்னேனே."

அவள் என்னைப் பார்த்தாள். "என்னை ஏன் பாக்குறே? எனக்கு டிவி ரிமோட்டே தகராறு" என்றேன். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் ஜன்னல் பக்கம் திரும்பினோம்.

என் வீட்டுக்காரர் மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார். அதில் அவ்வளவு பார்க்க என்ன இருக்கிறதோ! காது மடல் இரண்டும் சிவந்திருந்தன.

"அண்ணா" என்றாள் நாத்தனார்.

மெதுவாகச் சிலேட்டை எடுத்தார். 'இண்டர்நெட்டில் பார்த்து நானே போட்டுப் பார்த்தேன். அழித்துவிட்டேன் என்று நினைத்தேன்.'

"இறக்கின கோப்பைத்தான் அழிச்சிருக்கீங்க. பதிச்சது அப்படியே இருக்கு" என்றாள். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"எதுக்கு?" என்றேன் நான். "இவ வர்ற வரைக்கும் பொறுக்க முடியலையா? சரி, போட்டதுதான் போட்டீங்க, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

அழித்துவிட்டு மறுபடி எழுதினார். எழுதியதைக் காட்டாமல் மார்போடு அணைத்துக்கொண்டார். நான் போய்ப் பிடுங்கிப் படித்தேன். 'உன்கிட்ட திருப்பிச் சண்டை போடத்தான். பொம்பளைக் குரல்ல போட வெட்கமா இருந்துச்சு.'

எனக்கு அடிவயிற்றிலிருந்து ஒன்று கிளம்பி வந்தது. அழுகை என்றுதான் நினைத்தேன், வெளியே வந்தது சிரிப்பு. நாத்தனார் மேசையில் தலையை வைத்துக்கொண்டு குலுங்கினாள். அவரும் தோள்கள் ஆடச் சிரித்தார், சத்தமில்லாமல். நான் இல்லாத நேரத்தில், தலையை மட்டும் ஆட்டுகிறவர் என்று நான் நினைத்த மனுஷன், கதவைச் சாத்திக்கொண்டு எனக்கு எதிராகப் படை திரட்டியிருக்கிறார்! எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

பழையதை வெளியேற்ற ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்தக் குறிப்பையும் நாத்தனார் நீக்கினாள். புதிதாக எதையும் கட்ட வேண்டியிருக்கவில்லை. அவள் கட்டிப் பதித்தது தன் இடத்தில் சமர்த்தாகக் காத்திருந்தது. கீபோர்டை அண்ணன் பக்கம் தள்ளினாள். "நீங்களே தட்டுங்க."

ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினார்.

"மைக் சோதனை" என்றது பெட்டி.

அவர்தான். அந்தக் கணீர்தான். அந்தச் சோப்பு டப்பாவிலிருந்து வந்து, சமையலறைப் பாத்திரங்களைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. நான் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணீர் பாட்டுக்குக் கொட்டியது, துடைக்கக்கூடத் தோன்றவில்லை. நாத்தனாரும் மூக்கை உறிஞ்சினாள்.

அவர் மறுபடி தட்டினார். "பெண்கள் இருவரும் அழ வேண்டாம்" என்று அறிவித்தது பெட்டி, நடைமேடையில் யாரும் எச்சில் துப்ப வேண்டாம் என்கிற அதே தோரணையில். அறிவிப்புகளை வைத்தே செய்த குரல் அல்லவா, எதைச் சொன்னாலும் ஒரு வண்டி புறப்படப்போவது மாதிரியே இருந்தது. நாங்கள் அழுதுகொண்டே வயிறு வலிக்கச் சிரித்தோம்.

சிரித்து முடித்ததும்தான் கடிகாரம் கண்ணில் பட்டது. நாத்தனாரின் பேருந்து போயே போய்விட்டது. எனக்கு மறுபடி சூடு ஏறியது.

"பாத்தீங்களா! உங்களாலதான்! யாரும் தொடாதீங்கன்னா தொடாம இருக்கணும். திருட்டுத்தனமாத் தொட்டீங்க, தொட்டதைச் சொல்லவாவது வேணாமா? காலையிலேர்ந்து இவ உயிரைக் கொடுத்து வேலை செஞ்சிருக்கா, கல்லு மாதிரி உக்காந்து பேப்பர் படிச்சீங்க. இப்ப அவ ராத்திரியெல்லாம் எங்க போய் நிப்பா? நாளைக்கு ஆபீசுல என்ன சொல்லுவா? உங்க அழகான காரியத்தால இப்ப பாருங்க, நான்..."

"கொஞ்சம் நிறுத்து."

நான் நிறுத்தவில்லை, என் வாய் தானாக நின்றது. நான் கத்திக்கொண்டிருந்தபோது அவர் மும்முரமாகத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறார். சிலேட்டாக இருந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம், காதை எங்கே கொண்டுபோய்த் திருப்புவது?

"அவளுக்கு அடுத்த வண்டி இருக்கிறது. நீ கத்தி முடிப்பதற்குள் அதுவும் போய்விடும்."

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள். என் பேச்சுக்குக் குறுக்கே ஒருவர் பேசி எவ்வளவு காலமாகிவிட்டது! ஆனந்தம் தலைக்கேறியது. அதற்காக விட்டுவிட முடியுமா?

"அப்படியா? நான் கத்தறேனா? நான் பேசினாக் கத்தறதா?"

"ஆமாம்."

"என்ன ஆமாம்?"

"நீ சொல்வது தப்பு. நான் கல் மாதிரி உட்காரவில்லை. விசிறினேன். உன்னைவிட அதிக நேரம் விசிறினேன்."

"பொய்! பச்சைப் பொய்!"

"பொய் இல்லை. நீ சும்மா திரையைப் பார்த்துப் போ போ என்று கத்திக்கொண்டிருந்தாய்." அவர் ஒலியைக் கூட்டிவிட்டார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

வாசலில் யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால் அடுத்த வீட்டுக்கார அம்மா. கையில் கரண்டி, அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறார். என் தோளுக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்த்தார்.

"சுவத்துக்கு அந்தப் பக்கம் கேட்டுச்சும்மா" என்றார் மூச்சு வாங்க. "உங்க வீட்டுக்காரர் குரல்தானே? யாரையோ திட்டுற மாதிரி இருந்துச்சே?"

"என்னைத்தான்!" என்றேன், தெருமுனை வரை கேட்கும்படி. "என்னைத்தாங்க திட்டுறாரு!"